பத்து நிமிஷம் வரைக்கும் செல்லும்

வந்துச்சாக்கான்னு கேக்குது அந்தப் பொண்ணு. வரலம்மா. கையில இருக்கிற பட்டன் போனையே பாத்துக்கிட்டு இருக்கேன், டவர் மூணு கோடு நிக்குது, சார்ஜ் இருக்கு, மெசேஜ்தான் வரல. ஆறு நம்பர் வரும் சந்தனமாரி, அதைச் சொன்னா அவங்க ஆதாரை பிரிண்ட் எடுத்துக் குடுப்பாங்க, அஞ்சு நிமிஷ வேலை, நீயே போயிட்டு வந்துருன்னு சொல்லித்தான் எங்க ஹாஸ்டல் ரெஜினா மேடம் அனுப்பிவிட்டாங்க. எட்டு மாசமா எங்க போனாலும் மேடம் கூட வந்தாங்க, இல்லாட்டி ஹாஸ்டல்ல ஒருத்தி கூட வந்தா. இன்னைக்குத்தான் தனியா வந்திருக்கேன். தனியா போயிட்டு வந்தாத்தான் தனியா குடியிருக்க முடியும்னு மேடம் சிரிச்சாங்க. இந்த இ-சேவை மையத்துக்குள்ள வரும்போது பெரிய ஆள் மாதிரித்தான் வந்தேன். முதல்ல கை ரேகை வைக்கச் சொல்லுச்சு இந்தப் பொண்ணு, ஃபர்ஹானான்னு கழுத்துல கார்டு தொங்குது, வயித்துப்பிள்ளைக்காரி, ஏழு மாசம் இருக்கும். பெருவிரலை வச்சேன், விழல. தொடைச்சிட்டு வைங்கக்கான்னுச்சு, சேலையில தொடைச்சிட்டு வச்சேன், விழல. பத்து விரலையும் பாத்தாச்சு, ஒண்ணும் விழல. எங்கிட்டு விழும்? பன்னெண்டு வயசுல இருந்து கோயில்பட்டியில தீப்பெட்டி ஆபீஸ்ல மருந்தும் பசையுமா தேச்ச கை. இப்போ காலேஜ் மெஸ்ல இருநூறு பேருக்குப் பாத்திரம் தேய்க்கிற கை. ரேகையெல்லாம் என்னைக்கோ போயிருச்சு. பரவால்லக்கா ஓடிபி போட்டு எடுத்துரலாம், ஆதார் நம்பர் தெரியுமான்னு கேட்டுச்சு. பன்னெண்டு நம்பரையும் மூச்சு விடாமச் சொன்னேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு.

அக்கா, கடைசி நாலு நம்பர் அறுபத்தொண்ணு நாப்பத்தேழுன்னு காட்டுது, உங்க போன்தானேன்னு கேக்குது ஃபர்ஹானா. என்ன சொன்னே? அறுபத்தொண்ணு நாப்பத்தேழு. யம்மா. யம்மாடி. காது அடைச்சுப் போச்சு, ஃபேன் சத்தம் கேக்கல, பின்னாடி வருமானச் சான்றுக்கு நிக்கிற ஆளு என்னமோ கேக்கிறாரு, வாய் அசையுது, சத்தம் வரல. அது என் நம்பர் இல்ல. அது அவன் நம்பர். பேச்சிமுத்து நம்பர். இப்போ இந்த நிமிஷம் அவன் போன்ல டிங்குன்னு சத்தம் கேட்டிருக்கும். அனுப்பியாச்சாம்மான்னு கேக்கிறேன், என் குரல் எங்கிட்டோ கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. அனுப்பியாச்சுக்கா, வரலைன்னீங்கல்ல, ரெண்டாவது தடவையும் தட்டி விட்டுட்டேன்னு சொல்லுது. ரெண்டு தடவை! அடி நாசமாப் போற சந்தனமாரி, எட்டு மாசம் மூச்சு விடாம ஒளிஞ்சு கிடந்துட்டு நீயே போயி அவன் சட்டைப் பையில ரெண்டு தட்டு தட்டிட்டு வந்திருக்கியே. உனக்கு மண்டையில மூளை இருக்கா, இல்ல மெஸ் பாத்திரத்தோட சேத்துக் கழுவி ஊத்திட்டியா? கை குளுந்து போச்சு. வெயிலு மண்டையப் பொளக்குற மாசத்துல எனக்கு மட்டும் கை குளுந்து போய்க் கெடக்கு.

அறுபத்தொண்ணு நாப்பத்தேழு. அந்த நம்பர் எப்படி என் ஆதார்ல வந்துச்சு? வராம? பள்ளிக்கூடத்துல கேம்ப் போட்டப்போ அவன் பின்னாடிதான் நின்னேன். போன் நம்பர் சொல்லுங்கன்னு கேட்டதும் நான் வாயத் திறக்கிறதுக்குள்ள அவன் சொன்னான், எழுதிக்கோங்க தம்பின்னு. எனக்கு அப்போ போனே கிடையாது. உனக்கு எதுக்குடி போனு, யாரு கூப்பிடப் போறாங்கன்னு கேப்பான். கேஸ் புக்குல அவன் நம்பர், ரேஷன் கார்டுல அவன் நம்பர், பேங்க் புக்குல என் பேரு, அவன் நம்பர். எனக்கு வர்றது எல்லாமே அவன் பையிலதான் போயி விழுந்துச்சு, அதைத் தப்புன்னு நினைக்கவே தெரியல. ஊர்ல எல்லாப் பொம்பளைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அவனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. மெசேஜ் வந்தா ஏய் இங்க வா, என்ன போட்டிருக்கு வாசின்னு நீட்டுவான். நான் வாசிப்பேன். எனக்கு வந்ததையும் நான்தான் அவனுக்கு வாசிச்சுக் காட்டுவேன், அதுக்கப்புறம் அவன் பைக்குள்ள போட்டுக்குவான். இப்போ யாரு வாசிப்பா? மெடிக்கல் கடைக்காரர்கிட்ட கொண்டு போவானோ? அண்ணே இது என்னான்னு பாருங்கன்னு. அவரு கண்ணாடியத் தூக்கிவிட்டு, ஆதாருக்கு வந்திருக்குப்பா, உன் பொண்டாட்டியோடது போலிருக்கு, எங்கிட்டோ உக்காந்து எடுக்காம்பாரு. எங்கிட்டோ. இந்த மெசேஜ்ல ஊர் பேரு வருமா? திருச்சின்னு போட்டிருக்குமா? ஃபர்ஹானாகிட்ட கேக்கலாம். கேட்டா ஏன்னு கேக்கும். ஏன்னு கேட்டா எதைச் சொல்ல?

அவன் அடிப்பான்னு சொன்னா நம்பிருவாங்க. அடிக்கிற புருஷனை ஊருக்கே தெரியும், வீட்டுக்கு ஒருத்தன் இருக்கான். ஆனா அவன் அழுவான்னு சொன்னா யாரு நம்புவா? வீட்டுக்குள்ள கதவச் சாத்திட்டு அடிப்பான், சாவிக்கொத்தை விரலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு அடிப்பான். வெளிய வந்தா அழுவான். முதல் தடவை எட்டயபுரத்துல என் அக்கா வீட்டுக்குப் போனேன். ரெண்டாம் நாளு காலையில கோலம் போட வெளிய வந்தா வாசல்ல உக்காந்திருக்கான், கால நீட்டிக்கிட்டு, துண்டை வாயில பொத்திக்கிட்டு. சத்தமில்லாம அழுவுறான். சண்டை போடல, கூப்பிடக்கூட இல்ல. மூணு நாளு அங்கனயே உக்காந்திருந்தான். தெருவே கூடிருச்சு. டீ வாங்கிக் குடுத்தாங்க, சோறு போட்டாங்க. ஒரு ஆம்பள இப்படி அழுவுறான்னா எம்புட்டுப் பாசம் இருக்கணும், இவளுக்குத்தான் கல்லு மனசுன்னாங்க. மூணாம் நாளு மச்சானே என் பையத் தூக்கிட்டு வந்து வாசல்ல வச்சாரு, போம்மா, எங்களுக்கு மானம் போகுதுன்னு. போனேன். அன்னைக்கு வாங்கினதுலதான் இடது காது கேக்காமப் போச்சு. அப்புறம் சாத்தூர்ல சித்தி வீடு, அங்கயும் உக்காந்தான், ஒண்ணரை நாளு. அப்புறம் கூட வேலை பாத்த மரியபுஷ்பம் வீடு, அங்க ஒரு நேரம்தான் ஆச்சு. அவ மாமியாரே வந்து என்கூட அழுது, புண்ணியமாப் போகும் தாயி, கூடப் போயிருன்னுச்சு. அதுக்கப்புறம் எனக்குக் கதவத் திறக்க யாரும் இல்ல. வீடு இல்லாதவன்னா பிளாட்பாரத்துல படுக்கிறவன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். சொந்தக்காரங்க எல்லாருக்கும் வீடு இருந்து, எந்த வீட்டு வாசலுக்கும் நம்மால போக முடியாதுன்னா அதுவும் அதேதான்னு திருச்சி ஜங்ஷன்ல ரெண்டு நாளு கெடந்தப்போதான் வெளங்குச்சு. அங்க வச்சுத்தான் ரெஜினா மேடத்தோட ஆளுங்க கூட்டிட்டு வந்தாங்க. ஹாஸ்டலுக்கு வெளிய போர்டு கிடையாது. பச்சைக் கேட்டு, உள்ள பன்னெண்டு கட்டில், அவ்வளவுதான். வந்த அன்னைக்கு யாரும் எதுவும் கேக்கல, வாளியும் சோப்பும் குடுத்தாங்க, குளிச்சிட்டு வந்ததும் சோறு போட்டாங்க. மூணு மாசம் கழிச்சுத்தான் என் மனசுக்குள்ள புருஷனை அவுகன்னு நினைச்சது போயி அவன்னு ஆச்சு. அப்படி ஆனதே எனக்கு ரொம்ப நாளைக்குத் தெரியல.

டைம் ஓடுதுக்கா, பத்து நிமிஷம்தான் செல்லும், இப்பவே ரெண்டரை நிமிஷம் போச்சுன்னு சொல்லுது ஃபர்ஹானா. ஸ்க்ரீன்ல சிவப்பா நம்பர் இறங்குது, ஏழு இருபத்தெட்டு, ஏழு இருபத்தேழு. எந்திரிச்சுப் போயிரலாம். வேண்டாம்மா, இன்னொரு நாளு வாறேன்னு சொல்லிட்டு நடந்துரலாம். எந்த இன்னொரு நாளு? ரூம் வாடகைக்கு விடுற டீச்சர் பன்னெண்டு மணிக்குள்ள கேட்டிருக்காங்க. உறையூர்ல மாடி ரூம், ஆஸ்பெட்டாஸ் போட்டது, உள்ளேயே பைப்பு, உள்ளேயே பாத்ரூம். மேடமும் நானும் பதினாலு வீடு ஏறி இறங்குனோம். எல்லா வீட்டுலயும் ஒரே கேள்வி, வீட்டுக்காரர் என்ன பண்றாரு? கூட இல்லன்னா ஆகாது. தனிப் பொம்பளைன்னா ஆகாது. ஒரு இடத்துல பேசி முடிச்சு, சாவியக் கையில குடுத்துட்டு, ஹாஸ்டல்ல இருந்து வர்றவன்னு தெரிஞ்சதும் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. இந்த டீச்சர் மட்டும்தான் புருஷனைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்க ஆதார் காப்பி மட்டும் வேணும், இன்னைக்குப் பன்னெண்டுக்குள்ள வந்துரணும், இல்லன்னா பேங்க்ல வேலை பாக்கிற ஒரு பொண்ணு அட்வான்ஸோட வந்து நிக்குதுன்னாங்க. ஹாஸ்டல்ல ஆறு மாசம்தான் கணக்கு, எனக்காக ரெண்டு மாசம் கூட்டிக் குடுத்திருக்காங்க, இந்த மாசத்தோட சரி. ஆதார் எடுத்துரு எடுத்துருன்னு மேடம் வந்த நாள்ல இருந்தே சொன்னாங்க. நான்தான் இன்னைக்கு நாளைக்குன்னு தட்டிக் கழிச்சேன். கம்ப்யூட்டர்ல என் பேரைத் தட்டுனா எங்கிட்டோ ஒரு மணி அடிக்கும்னு எனக்கு ஒரு பயம். மேடம் சிரிச்சாங்க, அப்படியெல்லாம் அடிக்காது சந்தனமாரின்னு. அடிச்சிருச்சே மேடம். ரெண்டு தடவை அடிச்சிருச்சே.

வீட்டுக்காரர் நம்பராக்கான்னு ஃபர்ஹானா கேக்குது. ஆமான்னு தலையாட்டுனேன். அட இதுக்கா முழிக்கிறீங்க, போன் பண்ணி கேளுங்கக்கா, எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க, என் நம்பரே எங்க வீட்டுக்காரர் போன்லதான் இருக்குன்னு சிரிக்குது. வயித்துல ஒரு கைய வச்சுக்கிட்டு, எவ்வளவு லேசாச் சொல்லிருச்சு. போன் பண்ணி கேளுங்கக்கா! கேக்கவா? என்னங்க, நான்தான் சந்தனமாரி பேசுறேன், நல்லா இருக்கீகளா, ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும் பாருங்க, உங்ககிட்ட இருந்து தப்பிச்சு ஒரு ரூம் பாத்திருக்கேன், அதுக்கு வேணும். சிரிப்பு வந்துருச்சு எனக்கு. அசிங்கமா ஒரு சத்தம் வந்துச்சு, பின்னாடி நிக்கிறவரு எட்டிப் பாக்கிறாரு. ஆறு ஐம்பது. போன் பண்ணா என் நம்பர் அவனுக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் அந்த நம்பரைப் பிடிச்சுக்கிட்டு வருவான், எப்படியாவது வருவான், எட்டயபுரத்துக்கு வந்தவன்தானே. வந்து டீச்சர் வீட்டு மாடிப்படியில உக்காருவான், துண்டை வாயில பொத்திக்கிட்டு. டீச்சர் முதல் நாளு காபி குடுப்பாங்க. ரெண்டாம் நாளு என்கிட்ட வந்து, ஏம்மா பாவமா இருக்கும்மாங்க. மூணாம் நாளு என் பை படியில இருக்கும். ஆறு இருபது. போன் பண்ணலைன்னா அந்த ரூம் இல்ல. அவன் வந்து கெடுக்க வேண்டிய அவசியமே இல்ல, நானே கெடுத்துக்கலாம். ரெண்டும் ஒண்ணுதான். அவன் நம்பர் இல்லாம எனக்கு ஒரு கதவும் திறக்காதுன்னா, நான் வெளிய வந்ததுதான் என்னத்துக்கு? ஃபர்ஹானா என்னைப் பாத்துட்டு சிரிப்ப நிறுத்திருச்சு. என் போன்ல வேணா பண்ணுங்கக்கான்னு மெதுவா நீட்டுது. ஐயோ வேண்டாம் தாயி, உன் நம்பரை எங்கிட்டும் குடுத்துராத. வயித்துல பிள்ளையோட இருக்கிறவளுக்கு இந்தக் கர்மம் எதுக்கு. அஞ்சு நாப்பது. இந்த சிம்மு என்ன பெரிய சொத்தா, பேசிட்டுக் கழட்டிச் சாக்கடையில போட்டா ஆச்சு. அவன் குரல் கேட்டா நாக்கு எந்திரிக்காது எனக்கு, அதான் விஷயம். நம்பர் கேக்கிறதெல்லாம் அதுக்கப்புறம். என் விரலு அதுபாட்டுக்கு அமுக்குது. பத்து நம்பரையும் பாக்காமலே அமுக்குது.

மணி அடிக்குது. நாலு தடவை, அஞ்சு தடவை. எடுக்காத சாமி எடுக்காத, எடுத்துரு எடுத்துரு. எடுத்தாச்சு. நான் மூச்சு விடல. யாருங்கன்னு ஒரு குரல். பொம்பளக் குரல். கிசுகிசுன்னு. நம்பர் தப்பாப் போச்சோன்னு காதுல இருந்து எடுத்துப் பாக்கிறேன், அறுபத்தொண்ணு நாப்பத்தேழு, சரியாத்தான் இருக்கு. அவுக தூங்குறாக, ராத்திரி லோடு ஏத்திட்டு வந்தாக, எந்திரிச்சதும் யாரு பேசுனான்னு சொல்லட்டும்னு கேக்குது அந்தக் குரல். இது என் பேச்சு. பதினேழு வருஷம் அந்த அடுப்படியில நின்னுக்கிட்டு, அவன் தூக்கம் கலைஞ்சிரக் கூடாதுன்னு வாயப் பொத்திக்கிட்டு, டிரான்ஸ்போர்ட்காரங்ககிட்ட நான் பேசுன பேச்சு, ஒரு எழுத்து மாறாம யாரோ பேசுறா. நாற்காலிக் கையப் பிடிச்சுக்கிட்டேன். என்ன கேக்க வந்தேன்னு மறந்து போச்சு. ஃபர்ஹானா ஸ்க்ரீனைக் காட்டுது, நாலு பத்து. இந்த போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும்மா, ஆறு நம்பரு, அதை மட்டும் வாசிச்சுச் சொல்றியான்னு கேட்டேன். யாரு என்னன்னு ஒண்ணும் கேக்கல அவ. கதவுத் தாழ்ப்பாளை மெல்ல எடுக்கிற சத்தம், அப்புறம் கோழி கத்துற சத்தம், அவ கொல்லைப்பக்கம் போயிட்டது தெரிஞ்சது. ரெண்டு வந்திருக்கு, எதைச் சொல்ல? கடைசியா வந்ததைச் சொல்லும்மா. ஆதாருக்குன்னு போட்டிருக்கு. ஆமா. ஏழு. ஏழு. ரெண்டு. ரெண்டு. சைபர். ஒண்ணொண்ணா அவ சொல்ல நான் சொல்ல ஃபர்ஹானா தட்டிக்கிட்டே வருது. ஆறாவதைத் தட்டுனதும் ஸ்க்ரீன்ல பச்சை டிக் விழுந்துருச்சு. கெடச்சிருச்சு, ரூம் கெடச்சிருச்சு, வையி போனை, வையிடி. வைக்கல நான்.

அக்கா, நீங்க அந்தச் சந்தனமாரி அக்காவான்னு கேக்கிறா. செத்துப் போயிட்டாகன்னுல்ல சொன்னாக, மஞ்சக்காமாலையில செத்துட்டாகன்னு பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னாகளே, போட்டோவுக்கு மாலை போட்டு வச்சிருக்கு, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான்தானக்கா உங்களுக்குப் பொட்டு வைக்கிறேங்கிறா. நான் செத்துட்டேன். அந்த வீட்டுல நான் செத்து, மாலை போட்டு, எனக்குப் பொட்டு வைக்க ஆளும் வந்தாச்சு. எட்டு மாசமா அவன் தேடுவான் தேடுவான்னு நான் இங்க கதவுக்குக் கதவு எண்ணிக்கிட்டு இருக்கேன், அவன் அங்க என்னைச் சாகடிச்சிட்டு மாப்பிள்ளையாகி இருக்கான். கோவப்படணும்னு தெரியுது, கோவம் வரல. எந்த ஊரும்மா நீன்னு கேட்டேன். கழுகுமலைன்னா. எத்தனை வயசுன்னேன். இருபத்தாறுன்னா. அம்மா வீட்டுக்குப் போனியான்னு கேட்டேன், எதுக்குக் கேட்டேன்னு தெரியல. ரெண்டு தடவை போனேன், வாசல்ல வந்து அழுவுறாகக்கா, எங்க அப்பாவே கொண்டாந்து விட்டுட்டாருன்னா. கோழி கத்துது. அப்புறம் இன்னும் சின்னக் குரல்ல கேட்டா, நீங்க எப்படிக்கா வெளிய போனீக?

எப்படிப் போனேன்? யாரும் என்கிட்ட இதைக் கேட்டதில்ல. ஏன் வந்தேன்னு கேட்டிருக்காங்க, எப்போ திரும்பிப் போவேன்னு கேட்டிருக்காங்க. மாவு திரிக்கப் போறேன்னு தூக்குவாளியோட கெளம்பினேன்மா, வாளிய மில்லுல வரிசையில வச்சிட்டு பஸ் ஏறிட்டேன், ஆனா எங்க போறதுன்னு தெரியாம ஏறிட்டேன், நீ அப்படி ஏறாத. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகாத, அங்க வந்து உக்காருவான். நம்பர் சொல்றேன், ஒண்ணு எட்டு ஒண்ணு. மூணே நம்பர்தான். பொம்பளைங்களுக்குன்னு இருக்கிற நம்பர், எந்நேரமும் எடுப்பாங்க, இடம் இருக்கு, கட்டில் இருக்கு, போர்டு கிடையாது. சொல்லு பாப்போம். ஒண்ணு எட்டு ஒண்ணுன்னா. இன்னொரு தடவை சொல்லு. ஒண்ணு எட்டு ஒண்ணு. எழுதி வைக்காத, பேசிட்டு அழிச்சிரு, இப்ப வந்த மெசேஜையும் அழி, என் நம்பரையும் அழி, நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன். அக்கா அங்கன என்னையச் சேத்துக்குவாகளான்னு கேக்க ஆரம்பிச்சா. அதுக்குள்ள தூரத்துல, வீட்டுக்குள்ள இருந்து ஒரு சத்தம், ஏய், யாருடீ போன்ல? ராங் நம்பருங்கன்னு அவ சொன்னது கேட்டுச்சு. கட் ஆயிருச்சு. போனைக் காதோட வச்சுக்கிட்டே இருக்கேன். ஃபர்ஹானா அண்ணாந்து என்னையே பாக்குது, பின்னாடி நிக்கிறவரும் பாக்கிறாரு. என்னாக்கா ஆச்சு, உக்காருங்க, இன்னும் பிரிண்ட் வரலைன்னு சொல்லுது. அப்பத்தான் எனக்கே தெரியுது, அங்க அவன் யாருடீன்னு கேட்டதுக்கு, இங்க திருச்சியில நாற்காலியில இருந்த நான் எந்திரிச்சு நின்னுட்டிருக்கேன்.